அருவியடித் திருகாணி நிபுணர்

நிபுணர்களில் பல வகை உண்டு. உறைந்துபோன அருவிக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே தொங்குகிறவருக்குத் திருகாணி போடச் சொல்லிக்கொடுப்பவர் அதில் ஒரு தனி இனம். டிசம்பரில் எங்கள் ரியுகன் பள்ளத்தாக்கின் அருவிகள் இறுகி ஐஸ் தூண்களானதும் இவர் தோன்றுவார். மார்ச் கடைசியில் அவை உருகும்போது தாமும் மறைவார். இடைப்பட்ட மாதங்களில் தண்ணீர் உறையும், தாடி உறையும், பையிலிருக்கும் ரொட்டிகூட உறையும். இவர் வாய் மட்டும் உறையாது.

அடையாளம் சுலபம். இடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு திருகாணிகள் கலகலவென்று தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளக் குழாய். நுனியில் பல், உடம்பில் மரை, தலையில் கயிற்றுக் கொக்கி மாட்ட ஒரு காது. ஏறுகிறவர் போகிற வழியில் இதை ஐஸுக்குள் திருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். கை நழுவினால் உயிர் தொங்குவது இதில்தான். இவ்வளவு முக்கியமான பொருளை வாயாலேயே திருகிவிட முடியும் என்று நம்புகிறவர் நம்ம நிபுணர்.

எங்கள் ஊர் நிபுணர் பெயர் குன்லைக். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆபத்தைப் பற்றிப் பேசித்தான் சாப்பிடுகிறார். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவரும் ஒட்னியும் நானும் ஏறப் போனோம். ஒட்னி சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அவளுக்கு அது திருவிழா.

முதலில் சின்ன அருவியில் ஒட்னி ஏறினாள். கீழேயிருந்து பிரசங்கம் ஆரம்பித்தது.

"மேல் தோலைச் சுரண்டும்மா! பொருக்கு ஐஸ்ல போடாதே! புடைப்புல போடாதே, தட்டு மாதிரி உடைஞ்சு வரும்! குழிவா இருக்கிற எடமாப் பாரு! தலைக்கு மேல எட்டிப் போடாதே, இடுப்பு மட்டத்துல போடு!"

ஒட்னி இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள்.

"குழாய்க்குள்ள என்ன வருது பாரு! ஐஸ் கெட்டியா வந்தா நம்பு. ஈரமா, கூழா வந்தா உருவிட்டு வேற எடம் தேடு! கேக்குதா?"

"பக்கத்து ஊருக்கே கேக்குது" என்றாள் ஒட்னி. அன்றைய திருவிழா முடிந்தது.

கவனியுங்கள், அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. இந்த இனத்தை யாரும் அடக்க முடியாமல் போவதற்கு அதுவே காரணம்.

அடுத்தது பெரிய அருவி. குன்லைக் முன்னால் ஏற, ஒட்னி கீழே கயிறு பிடித்தாள். ஏறும்போதும் உரை நிற்கவில்லை. இப்போது தம்மைப் பற்றித் தாமே நேர்முக வர்ணனை. "பாருங்க, எப்படிக் கால் வைக்கிறேன்!" முதல் திருகாணியும் இரண்டாவதும் வர்ணனையோடு உள்ளே போயின. மூன்றாவது போடுகிற இடத்தில் கையுறை நனைந்து விறைத்துவிட்டது. கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு வெறுங்கையால் திருகினார். வாயில் கையுறை இருந்ததால் ஒரு நிமிடம் அருவி முழுக்க அமைதி. சுரண்டினார், தட்டிப் பார்த்தார், கடைசி மரை வரை பொறுமையாகத் திருகினார். அப்படி ஒரு வேலையை அவர் கையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கையுறை கைக்குத் திரும்பியது. பேச்சும் திரும்பியது.

நான்காவதை ஒரு புடைப்பில், தலைக்கு மேலே எட்டி வைத்துச் சுற்றினார். பாதிக்கு மேல் அது தானாகவே லொடலொடவென்று சுற்றியது. கீழே நின்ற எங்களுக்கே தெரிந்தது.

"குழாய்ல என்ன வந்துச்சு?" ஒட்னி கேட்டாள்.

"கெட்டி! கண்ணாடி மாதிரி!"

"நெசமாவா?"

"எனக்கே பாடமா? இருபது வருஷமா நான்..."

இருபது வருஷமாக என்ன என்பது இன்றுவரை தெரியவில்லை. ஓர் ஆள் உயரம் தாண்டியதும், பிடிமானத்துக்கு அவர் கைக்கோடரி கொத்தியிருந்த ஐஸ் பாளமாகப் பெயர்ந்தது. ஆள் விழுந்தார். நான்காவது திருகாணி, பாலில் போட்ட பிஸ்கட்டுக்குள்ளிருந்து கரண்டி வருவதுபோல, சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. ஒட்னி கயிற்றோடு இரண்டடி மேலே இழுபட்டாள். பிறகு எல்லாம் நின்றது. மூன்றாவது பிடித்துக்கொண்டது.

எங்கள் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் குன்லைக் தொங்கினார். பூட்ஸில் மாட்டியிருந்த இரும்பு முள் ஐஸில் சிக்கி, கணுக்கால் போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

"உயிரோட இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

கயிறுதான் மெல்லச் சுழன்றது. ஒட்னியின் முகம் வெளுத்துவிட்டது. மெல்ல மெல்லக் கயிற்றை விட்டு அவரை இறக்கினாள். பனியில் உட்காரவைத்து ஹெல்மெட்டைக் கழற்றினோம். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. வலியென்று நினைத்தேன்.

"கூழா வந்துச்சு ஒட்னி" என்றார். "பாத்தேன். தெரிஞ்சேதான் கெட்டின்னு சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, உருவிட்டு மறுபடி போட வெக்கமா இருந்துச்சு."

ஒட்னி தன் சூடான காப்பியை அவர் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் இரு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள். மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

நினைத்ததற்கு எனக்கு நன்றாக வேண்டும். மருத்துவமனையில் மாவுக்கட்டு காய்வதற்குள், குற்றம் ஐஸின்மேல் போய்விட்டது. மறுநாள் மதியம், அந்தத் திருகாணி செய்த கம்பெனிமேல். மூன்றே வாரத்தில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அருவியடிக்கு வந்துவிட்டார். ஒரு புது வாசகமும் கூடவே வந்திருந்தது: "விழுந்து பாத்தவன் சொல்றேன், கேளுங்க!" அதற்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உறைந்த அருவியை உங்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை, திருகாணியைத் தொட்டதில்லை. இருந்தாலும், "அந்த மனுஷன் நாலாவதைக் கொஞ்சம் இடப்பக்கமா போட்டிருக்கலாம்" என்று படிக்கும்போதே ஒரு யோசனை வந்ததா இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயைத் திறந்தும் விட்டீர்களா?

தயவுசெய்து, ஒரு கையுறையைக் கடித்துக்கொள்ளுங்கள்.