லோடு முடிச்சு போட்ட திரை

சங்ககிரி

மதிப்பிற்குரிய சின்னுசாமி மாமாவுக்கு,

ஷாலினி எழுதிக்கொண்டது. வீட்டில் அனைவரும் சுகம். நீங்களும் லாரியும் சுகமாக நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் “டோல் வந்துருச்சு சாமி” என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். ஆகவே எழுதி, அத்தையின் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் ஆண்டு விழா நாடகத்துக்கு உங்கள் தார்ப்பாயைத் திரையாகக் கொடுத்ததற்கு நன்றி. காற்றில் பறக்கக் கூடாது என்று, நாங்கள் உள்ளே வேடம் போட்டுக்கொண்டிருந்தபோதே, கிளம்பும் முன் நீங்களே வந்து இரண்டு ஓரத்தையும் தூண்களோடு லாரியில் லோடு கட்டும் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினீர்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடகம் சொதப்பினால் அடுத்த ஆண்டு நாடக வகுப்பு கிடையாது, அந்த நேரமும் கணக்குக்குத்தான் என்று தலைமையாசிரியை முன்பே சொல்லியிருந்தார். கணக்கு வாத்தியார் குமரகுரு சார்தான் எங்களுக்கு நாடகமும் சொல்லித் தருகிறவர். “கணக்கு எங்கீங்க ஓடிப் போகுது” என்று தன் சாப்பாட்டு நேரத்தையும் எங்களுக்கே கொடுத்தார். பாட்டு சொல்லித் தரும் ஜோஸ்லின் டீச்சரோ, தன் வீட்டு ஆர்மோனியத்தை ஸ்கூட்டரில் காலடியில் வைத்து, முழங்கால் இரண்டையும் வெளியே விரித்து ஓட்டி வருவார்.

மணி அடித்தது, திரை திறக்கவில்லை. சார் முடிச்சை இழுத்தார், பல்லால் கடித்தும் பார்த்தார். மேடைக்கு மூன்று பக்கமும் சுவர், முன்பக்கம் உங்கள் முடிச்சு. ராஜா வேடமிட்ட மோனிஷா, “அறுத்துப்போடலாங்க சார்” என்றாள். “அடுத்தவங்க கயிறு புள்ள, வண்டிக்கு வேணுமில்ல” என்று சார் மறுத்துவிட்டார். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்ப்பது தார்ப்பாய் ஓட்டை வழியாகத் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. கீழே உட்கார்ந்திருந்த ஜோஸ்லின் டீச்சர் நிலைமை புரிந்து, ராஜா வரும் மெட்டை நிறுத்தாமல் வாசித்தார். சார் தார்ப்பாயின் அடியைத் தூக்கி, “தவழ்ந்து போங்க சாமி” என்றார். நாட்டில் யாரும் பாடக் கூடாது என்று தடை போட்ட ராஜா முழங்காலில் வெளியே போனார், கிரீடம் உள்ளே நின்றுவிட்டது. மந்திரியாகிய நான் அதைத் தள்ளிக்கொண்டு தவழ்ந்து போய், “மன்னா, தங்கள் கிரீடம் பின்னால் வருகிறது” என்றேன். நாடகத்தில் இல்லாத வசனம். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் தடையை நீக்கும் வசனம் மோனிஷாவுக்கு மறந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க வந்த சார், வயிறு வரை வெளியே வந்து தார்ப்பாயில் மாட்டிக்கொண்டார். டீச்சர் அவருக்கும் ராஜா மெட்டையே வாசித்தார். சார் படுத்தபடியே கும்பிட்டு, “குடிமகன் வந்திருக்கறனுங்க மன்னா, சனங்களப் பாட உடுங்க” என்றார். மோனிஷா பாடினாள், பிறகு எல்லோரும் பாடினோம். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாடக வகுப்பு இருக்கட்டுங்க சார், மொதல்ல எந்திரிங்க” என்றார்.

புத்தகம் படிக்கும்போது எனக்குத் தைரியம் நிறைய உண்டு. மேடையிலும் அது வரும் என்று என்னைவிட முன்பே நம்பியவர்கள் சாரும் ஜோஸ்லின் டீச்சரும்தான். திரும்பி வந்ததும் நம் குடும்பத்தின் சார்பில் நீங்கள் நேரில் நன்றி சொல்ல வேண்டும். இனிமேல் திரையை, ஒரே இழுப்பில் அவிழும் என் தலை ரிப்பனைப் போல் கட்டினால் போதும்.

வழியெல்லாம் நல்ல டீயும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும்.

அன்பு மருமகள்,
ஷாலினி

பி.கு.: மாவட்டப் போட்டிக்குப் போகிறோம். தவழ்ந்து வராவிட்டால் அது நம் நாடகமே இல்லை என்கிறார் தலைமையாசிரியை. சார் போடும் முடிச்சு தானாகவே அவிழ்ந்துகொள்கிறது. ஆகவே ரிப்பன் பேச்சை மறந்துவிட்டு, நீங்களே வந்து பழையபடி இறுக்கிக் கட்ட வேண்டும். அடியில் மட்டும் கொஞ்சம் லூசாக விடச் சொன்னார் சார்.