இன்னும் ரெண்டு சுத்து

மனிதர்களில் ‘இன்னும் ரெண்டு சுத்து’ ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். செங்கம் சாலை டீக்கடையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மாஸ்டர் நுரை பொங்க நீட்டிய டீயைத் திருப்பிக் கொடுத்து, “இன்னும் ரெண்டு ஆத்து வுடு” என்று சொல்லி, வாங்கி, மறுபடியும் கொடுத்து, கடைசியில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “இன்னாப்பா, ஆறிப்போச்சே” என்று முகம் சுளிப்பார் ஒருவர். அவர்தான். நன்றாக மூடிய குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கி, வாஷரைக் கொன்றுவிட்டு, சொட்டுகிறதே என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகிறவரும் அவரே.

டீக்கடையோடு நின்றால் ஊருக்கு நஷ்டமில்லை. எங்கள் மாத்திரைக் கம்பெனியில் இந்த இனத்தில் ஒருவரை, சக்கரபாணி என்று பெயர், தூள் கலக்கும் அறைக்கு சூபர்வைசர் ஆக்கினார்கள்.

மருந்துத் தூளையும் மாவையும் பெரிய டிரம்மில் போட்டு உருட்டுவார்கள். கடைசியில், மாத்திரை அச்சில் ஒட்டாமல் வர, ஒரு வழவழப்புத் தூள் சேரும். அது விழுந்தபின் மூன்றே நிமிடம் சுற்ற வேண்டும். சுவரில் எழுதியே இருக்கிறது. சுவரை யார் படிக்கிறார்கள்?

“மூணு நிமிஷத்துல இன்னாத்த கலக்கும்? இன்னும் ரெண்டு சுத்து வுடுப்பா” என்பார், டிரம் ஓட்டும் வேணுவிடம். அவருடைய ரெண்டு சுத்து கால் மணி நேரம். கற்பூர ஆரத்தி பார்ப்பதுபோல் பக்தியோடு நிற்பார். வேணு தினக்கூலி, சித்திரையில் நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். சூபர்வைசர் பேச்சை மீறுவானா?

2003 தை மாதம். சோதனை அறையில் இருக்கும் எழிலரசி ஆறு காய்ச்சல் மாத்திரைகளைத் தண்ணீரில் போட்டாள். கால் மணியில் கரைய வேண்டியவை ஒரு மணி நேரமாகியும் போட்டது போட்டபடி கிடந்தன. முதலாளி ராஜமாணிக்கம் எல்லோரையும் கூப்பிட்டார்.

“டிரம் ஓட்னது யாரு?”

சக்கரபாணி முந்திக்கொண்டார். “இவன்தாங்க. சரியா கலக்கலீங்க.”

வேணுவுக்குச் சித்திரை கைநழுவிப் போவது கண்ணெதிரே தெரிந்தது.

எழிலரசி வெகு மரியாதையாகக் கேட்டாள்: “மூணு நிமிஷம்கூட ஓடலீங்களா சார்?”

ஆசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மூணு நிமிஷத்துல நிறுத்தற ஆளா நானு? இருபது நிமிஷம் ஓட வுட்டேன். அதுவே கம்மின்னு மேல ரெண்டு சுத்து வுடச் சொன்னேன். கேளு அவன.”

யாரும் கேட்பதற்கு முன்பே வேணு தலையாட்டினான்.

“ஜாஸ்தி ஓட்டுனா அந்தத் தூளு எண்ணெ மாதிரி எல்லாத்து மேலயும் பூசிக்கும் சார். அப்புறம் தண்ணி உள்ள எறங்காது” என்றாள் எழிலரசி.

முதலாளி சக்கரபாணியைப் பார்த்தார். சக்கரபாணி தண்ணீரைப் பார்த்தார். “தண்ணியில ஏதோ கோளாறுங்க. இன்னும் கொஞ்ச நேரம் போட்டு வச்சுப் பாக்கலாம்.”

மாத்திரைகள் குப்பைக்குப் போயின. வேணு சித்திரையில் நிரந்தரமானான். சக்கரபாணியை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே பெட்டிக்கு டேப் ஒட்டும் தனத்திடம், “இன்னும் ரெண்டு சுத்து சுத்தும்மா” என்கிறார். பெட்டியைப் பிரிக்க மருந்துக்கடைக்காரர்கள் அரிவாள் தேடுகிறார்களாம்.

சிரிக்கிறீர்கள். சரி. பதமாக இருந்த உப்புமாவில் மறுபடி கரண்டியைப் போட்டுக் களியாக்கியது யார்? சம்மதம் சொல்லிவிட்ட சம்பந்திக்கு மறுநாளும் போன் போட்டு, “எதுக்கும் ஒருவாட்டி கேட்டுக்கலாம்னு” என்று இழுத்து, அவரை யோசிக்க வைத்தது யார்? நான் பெயர் சொல்லவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும், எதற்கும் இன்னொரு தடவை படித்துவிடலாம் என்று முதல் வரிக்குத் திரும்பாதீர்கள்.