கடி அண்ணாச்சியும் என் தங்கப் பல்லும்

தூத்துக்குடியில் சந்தேகப் பேர்வழிகளுக்குப் பஞ்சமே கிடையாது. மீன் வாங்க வருகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். விற்கிறவள் அவள் நீட்டிய நோட்டைத் தூக்கிப் பார்ப்பாள். ஆனால் எங்கள் தெருமுனை இரும்புக்கடைக்காரருக்கு முன்னால் நாங்களெல்லாம் கைக்குழந்தைகள். ஊரில் உள்ள மாமியார்களையும் போலீஸ்காரர்களையும் ஒரே கிரைண்டரில் போட்டு ஆட்டினாலும் அவருடைய சந்தேகத்தில் ஒரு கரண்டி தேறாது.

ஆணி, கீல், வாளி, வளையல், எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

“இதுல யாரு யாரக் கடிக்குது?”

வேறு வேறு உலோகம் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால், நடுவில் சன்னமாகக் கரண்டு ஓடுமாம். ஓடினால் ஒன்று பிழைத்துக்கொள்ளும், மற்றது கரையும். நாம் துருப்பிடித்துவிட்டது என்று முடித்துவிடுகிற சமாச்சாரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘கடி’. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கடி அண்ணாச்சி.

அந்தப் பெயரால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பக்கத்துத் தெரு இளைஞர் மன்றத்துப் பையன்கள், ‘கடி ஜோக் சொல்லுகிற அண்ணாச்சி’ என்று நினைத்து ஆண்டு விழா மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவர் தொண்டையைக் கனைத்து, “இரும்பும் பித்தளையும் கடலுக்குள்ள ஒண்ணா இருந்துச்சு” என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. “இரும்பு செத்துப்போச்சு” என்றார். விசில் பறந்தது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை மட்டும் சந்தேகப்படாமல் வாங்கிக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்கு அவர் வந்தாலே எனக்குக் குலை நடுங்கும். கதவில் பித்தளைக் கீலுக்கு இரும்பு ஸ்குரூ போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் அலுமினியச் சட்டியில் நான் புளி ஊற்றி வைத்த சாளை மீன் குழம்பு. அதற்குள் ஒரு செம்புக் கரண்டி கிடந்தது.

“யக்கா, இது குழம்பு இல்ல. பேட்டரி.”

“அப்ப சாப்பிடாதீங்க அண்ணாச்சி. பல்பு எரிஞ்சிரும்.”

கரண்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அப்படிச் சாப்பிடும்போது நான் ஏதோ சொல்லிச் சிரிக்க, அவர் கை அந்தரத்தில் நின்றது. சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் வாய்க்கு நேரே அடித்தார்.

“மேல தங்கப் பல்லு. அதுக்கு நேர் கீழ டாக்டர் வெள்ளிக் கலர்ல அடைச்சு விட்டுருக்காரு. நடுவுல எச்சி. யக்கா, ஒங்க வாயில கரண்டு ஓடுது.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். “அதுக்கு என்ன செய்யணும்?”

“ரெண்டும் தொடாம பாத்துக்கணும். வாயத் தொறந்தே வைக்கணும்.”

“அத நான் அம்பது வருசமா செஞ்சிக்கிட்டுதானே இருக்கேன்!”

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் டார்ச்சோடு வந்து என் வாயைப் பார்ப்பது அவருக்கு வேலையாகிவிட்டது.

இதெல்லாம் தெருக்கூத்து. அவருடைய நிஜமான பிழைப்பு மீன்பிடித் துறைமுகத்தில். இரும்புப் படகுகளின் அடியில், சுக்கான் பக்கத்தில், ஜிங்க் என்கிற துத்தநாகக் கட்டியை வைத்துக் கொடுப்பார். பார்க்கச் சலவை சோப்பு மாதிரி இருக்கும், கனம் மட்டும் ஆளைச் சாய்க்கும். ஒரு வயரைப் படகில் தொட்டு, இன்னொன்றை ஒரு குழாயோடு கடலுக்குள் தொங்கவிட்டு, கையில் மீட்டரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். முதல் தடவை பார்த்தபோது, கடலிலிருந்து கரண்டு திருடுகிறார் என்றுதான் நானே நினைத்தேன்.

“என்ன அண்ணாச்சி, கடலுக்குக் காய்ச்சல் பாக்கியளா?”

“கடலுக்கு இல்லக்கா, படகுக்கு. கடலு எதையாவது கடிச்சே தீரும். அது சுக்கானக் கடிக்காம இருக்கணும்னா, பக்கத்துலயே ஒருத்தன் ‘என்னையக் கடி’ன்னு நிக்கணும். அவன்தான் ஜிங்க்.”

என் மகன் ரெக்சனுக்கு ஒரு விசைப்படகு உண்டு. அவனுக்கும் சந்தேகம் வந்தது. என் வயிற்றில் பிறந்தவனுக்கு வராமலா இருக்கும்? ஒவ்வொரு மீன்பிடித் தடைக்காலத்திலும் படகைக் கரையேற்றிப் பார்த்தால் ஜிங்க் கட்டி பாதிதான் இருக்கும். அது மட்டுமில்லை. கடி அண்ணாச்சி இரும்பு பிரஷ்ஷை எடுத்து வந்து, மிச்சமிருக்கிற கட்டியை வரட்டு வரட்டென்று தேய்ப்பார். வெள்ளை வெள்ளையாகக் கொட்டும்.

“ஏன் அண்ணாச்சி தேய்க்கீங்க?” என்றான் ரெக்சன்.

“ரேஷன் கடை வாசல்ல கூட்டம் அடைச்சு நின்னா, அரிசி வாங்கினவன் வெளிய வர முடியுமா? வாங்காதவன் உள்ள போக முடியுமா? அதே மாதிரிதான் டே. கட்டி மேல ஏடு படிஞ்சிட்டா கரண்டு போக வழியில்லாம திணறும். ஜிங்க் தூங்கிரும். வாசலத் தொறந்து விடுதேன்.”

ரெக்சன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான்: “சுரண்டி விக்காருமா. ரேஷன் கடையாம்லா!”

கூட இருந்த அவன் கூட்டாளிகளும் ஆமாம் போட்டார்கள். அப்போது ரெக்சனுக்கு ஒரு யோசனை உதித்தது. அடுத்த தடைக்காலத்தில் கடி அண்ணாச்சி புதுக் கட்டி வைத்துவிட்டுப் போனதும், படகுக்கு அடித்த நீல பெயிண்டில் மிச்சத்தை எடுத்து ஜிங்க் மேலும் இரண்டு கோட்டு பூசிவிட்டான். எவன் சுரண்டினாலும் பெயிண்ட் காட்டிக் கொடுத்துவிடுமாம். பொறி வைத்த பெருமையில் அன்றைக்கு அவனுக்கு மூன்று தட்டு சோறு இறங்கியது.

தடைக்காலம் முடிந்து படகு போய் வந்துகொண்டிருந்தது. சில மாதம் கழித்து ஒரு நாள், நடுக்கடலில் சுக்கான் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. காற்று வேறு பலமாக இருந்தது. ரெக்சனோடு சேர்த்து எட்டுப் பேர். திருப்ப வழியில்லாமல் அலைக்கு அலை சுற்றிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. கரையில் நின்ற எனக்கு அன்றைக்குத்தான் ஜோக் ஒன்றும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் படகைக் கரையேற்றினார்கள். சுக்கானைப் பிடித்திருந்த இரும்பெல்லாம் எலி தின்ற ரொட்டி மாதிரி இருந்தது. பக்கத்திலேயே ஜிங்க் கட்டி, பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு, கொஞ்சமும் குறையாமல் குண்டாக உட்கார்ந்திருந்தது.

“பாத்தியளா! கட்டி கரையவே இல்ல. போலி!” என்று ரெக்சன் கத்தினான். “எட்டு உசுரு போயிருக்கும்!”

விசைப்படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கரைந்தால் சுரண்டிவிட்டார், கரையாவிட்டால் போலி. கடி அண்ணாச்சியால் எந்தப் பக்கமும் தப்ப முடியாது. அவர்களில் பெரியவர் ஒருவர் முடிவாகச் சொன்னார்: “போலின்னு ஆச்சுன்னா, அந்த ஆளு இனிமே இந்தத் துறைமுகத்துக்குள்ள கால் வைக்கப்பிடாது. எந்தப் படகும் அவருகிட்ட ஒரு ஆணி கூட வாங்கப்பிடாது. ஆள வரச் சொல்லுங்க.”

அவர் வந்தார். தோளில் மீட்டர், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதே சரக்கில் கடையில் மிச்சமிருந்த கட்டி ஒன்றை, செய்தி கேட்ட நாளிலிருந்து உப்புத் தண்ணீரில் இரும்போடு கட்டிப் போட்டு வைத்திருக்கிறார். “இது கடி வாங்குது. பாருங்க, கரைஞ்சிருக்கு. அது ஏன் வாங்கல?” என்று முனகிக்கொண்டே படகுக்கு அடியில் குனிந்து நுழைந்தார். மீட்டரின் ஒரு முனையைப் படகு இரும்பிலும் மறுமுனையை ஜிங்க்கிலும் வைத்தார். முள் அசையவில்லை.

“பேச்சு மூச்சே இல்லியே” என்றார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி.

சாவியை எடுத்துச் சிப்பியைப் பெயர்த்தார். பாசியை வழித்தார். அடியில் நீலம். இன்னும் அழுத்திக் கீறினார். நீலம் தோலாக உரிந்து வந்தது. உள்ளே புதுக் கட்டி பளபளவென்று, கடல் தண்ணீரையே கண்ணால் பார்க்காத மாதிரி இருந்தது. அவர் மெதுவாகத் திரும்பினார்.

“இதுக்கு யாருலே சட்ட போட்டு விட்டது?”

எட்டுப் பேரில் ஒருவன் ரெக்சனைப் பார்த்தான். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள்.

“நீங்க சுரண்டி வித்துருவீங்கன்னுதான் அண்ணாச்சி... அடையாளத்துக்கு...” என்றான். குரல் அவன் சட்டைக்குள்ளேயே விழுந்தது.

அவர் திட்டுவார், மீட்டரை விட்டெறிவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த நீலத் தோலையே உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே ரெக்சா, கட்டியச் சந்தேகப்பட்டேன். கம்பெனிக்காரன் சரக்கச் சந்தேகப்பட்டேன். என் மீட்டரு பொய் சொல்லுதோன்னு பேட்டரியக்கூட மாத்துனேன். ஒன்னையச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்லியே டே.”

அதற்குமேல் பெரியவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “எல்லாரும் போயி அவனவன் படகப் பாருங்க, பெயிண்ட் கியிண்ட் பூசியிருந்தா உரிங்க” என்று மட்டும் சொன்னார். கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்த்தால், பொறி வைத்தவன் என் மகன் ஒருவன் மட்டுமில்லை என்று தெரிந்தது. ரெக்சன் படகுக்கடியில் உட்கார்ந்து, சுரண்டியை வைத்து அந்தக் கட்டியைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினான். “அங்கன ஓரத்துல இருக்கு பாரு” என்று கடி அண்ணாச்சி டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் ஆணியைச் சந்தேகப்பட்டிருக்கிறார், அண்டாவைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஓர் ஆளைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

போன மாதம் பல் டாக்டரிடம் போனேன். படித்த பெண், நல்ல கைராசி. “பாட்டி, இந்த வெள்ளி அடைப்பு பழசாயிட்டு. எடுத்துட்டு வெள்ளைல வச்சிரலாமா? தங்கப் பல்லு பட்டுக் கூசாது” என்றாள்.

“கூசினா கூசிட்டுப் போகட்டும், தாயி. வேண்டாம்” என்றேன்.

“ஏன் பாட்டி?”

அவளுக்கு என்னத்தைச் சொல்ல? அதை எடுத்துவிட்டால் சனிக்கிழமை டார்ச்சோடு வருகிற மனுஷன் எதைப் பார்ப்பார்?