அரைவாசி அண்ணையும் பதினெட்டுக் குழிகளும்

லூயிஷாமில் மட்டுமல்ல, இந்த லண்டன் மாநகரம் முழுவதிலும் சரி, தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவதில் அரைவாசி அண்ணையை வெல்ல ஒருவரும் இல்லை. போட்டி வைத்தால், எதிராளி எப்படியும் ஒரு பலவீனமான நேரத்தில் எதையாவது முடித்துத் தொலைத்துவிடுவார். அண்ணை அப்படிப்பட்டவர் அல்ல. கொள்கைக்காரர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது தபால்காரருக்குத் தெரியும். எங்கள் தெருவில் மற்ற எல்லாருக்கும் அவர் அரைவாசி அண்ணை. ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிற பிள்ளைகள் ஒருதடவை அவர் வீட்டுக்குப் போனால் போதும். முன்கதவு மேலே பச்சை, கீழே பழைய மண்ணிறம். தோட்டத்து வேலி பாதித் தூரம் மிடுக்காக வந்து, ஒரு ஆப்பிள் மரத்தைக் கண்டதும் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. குசினிச் சுவரில் நீலப் பூப் போட்ட டைல்ஸ் அடுப்புக்கு மேலே அழகாக ஏறிப் போகும். ஃபிரிட்ஜுக்குக் கிட்டப் போனதும் திடீரென்று முடிந்துவிடும். அதற்கப்பால் வெறும் சீமெந்து. மிச்ச டைல்ஸ் எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணை முதலில் ஜேர்மனியில் இருந்தவர். அங்கே ஜேர்மன் மொழியில் கேள்வி கேட்க மட்டும் படித்தார். பதிலை விளங்கிக்கொள்கிற பாடம் வருவதற்கு முன் லண்டனுக்கு வந்துவிட்டார். இங்கே வந்து நீச்சல் பழகினார். தடாகத்தின் நடுவரைக்கும் மீன் மாதிரிப் போவார். அங்கிருந்து அவரைக் கரைக்குக் கொண்டுவருவது காவலாளியின் வேலை.

இப்படிப் பாதியில் நின்ற சாமான்களெல்லாம் வீட்டுக்குப் பின்னால் உள்ள மர ஷெட்டில்தான் இருந்தன. மூன்று காலோடு ஒரு மேசை. முன்பக்கம் மட்டும் பொருத்திய சைக்கிள். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், அதுவும் அண்ணையே பின்னியது. அவருக்கு அந்த ஷெட்தான் சொர்க்கம். அவருடைய மனைவிக்கு, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, அது வேறு இடம்.

அண்ணை ஒருநாள் பழைய சாமான் சந்தையில் ஒரு கோல்ஃப் பையை வாங்கிவந்தார். முழு செட் என்றால் பதினான்கு மட்டை இருக்கவேண்டுமாம். அண்ணையின் பையில் இருந்தது எத்தனை என்று நான் சொல்லவும் வேண்டுமா? அதை வைத்துக்கொண்டு பின்தோட்டத்தில் அவர் புல்லை வெட்டியதைப் பார்த்து, ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற அவருடைய மகள் மனமிரங்கி, அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பரிசு கொடுத்தாள். கெண்ட் பக்கம், கடற்கரையோரம் உள்ள ஒரு பெரிய கோல்ஃப் மைதானத்தில் இரண்டு பேர் ஒரு நாள் விளையாடலாம்.

பிறந்தநாள் கேக்கை வெட்டிய கத்தியோடு அக்கா சொன்னார்.

"இஞ்சாருங்கோ. பதினெட்டுக் குழியாம். பதினெட்டையும் முடிச்சுக் காட்டுங்கோ. முடிச்சால் அந்த ஷெட் உங்கட. நான் அந்தப் பக்கம் எட்டியும் பாக்கமாட்டன். முடிக்காட்டி, வாற ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் வெளியில எறிஞ்சுபோட்டுப் பூக்கண்டு வைப்பன்."

"என்னப்பா நீர், ஒரு விளையாட்டை முடிக்க எனக்கு ஏலாதோ?"

"ஏலாது. அதாலதான் நானும் வாறன். கண்ணால பாக்கவேணும்."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீரும் வாரும்."

"எனக்குக் கோல்ஃப் தெரியாதே அண்ணை."

"எனக்கு மட்டும் தெரியுமோ? ஆளுக்குப் பாதி தெரிஞ்சால் காணும்."

கோல்ஃப் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பந்து ஒன்றை உங்களால் முடிந்தளவு தூரம் அடித்துத் தொலைக்கவேண்டும். பிறகு அதைத் தேடிக்கொண்டு நடக்கவேண்டும். கண்டுபிடித்தால் சந்தோசப்பட்டு மறுபடியும் தொலைக்கவேண்டும். கடைசியில் கொடி நட்ட ஒரு சின்னக் குழிக்குள் அதை விழுத்தவேண்டும். இப்படிப் பதினெட்டுத் தடவை. இதைப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் விரும்பிச் செய்கிறார்கள்.

அந்த வாரமே மூன்றுபேரும் காரில் போனோம். மைதானம் வடிவு என்றால் அப்படி ஒரு வடிவு. ஒரு பக்கம் கடல். தூரத்தில் தண்ணீருக்குள் நட்ட காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டு நின்றன. மறுபக்கம் மணல்மேடுகள், அவற்றின் மேல் முழங்காலளவு புல். காற்று மட்டும் என் தொப்பியை முதல் ஐந்து நிமிடத்திலேயே பிரான்ஸ் பக்கம் அனுப்பிவைத்தது.

அக்கா மைதானக் கட்டடத்தின் விறாந்தையில், கடைசிக் குழிக்கு நேரே, ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நீதிபதி உட்கார்ந்தது போலத்தான் இருந்தது.

அண்ணை பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்து, கோல்ஃப் பை இழுக்கிற ட்ரொலியின் சில்லுகளுக்கு முன்னால் வைத்தார். புது வாகனத்துக்குச் செய்வதுபோல, ட்ரொலியை உருட்டி அவற்றை நசித்தார். பந்துக்குத் திருநீறு பூசினார். மைதானத்தை மேற்பார்வை பார்க்கிற ஒரு வயதான வெள்ளைக்காரர், சிவப்புத் தொப்பியோடு ஒரு சின்ன மின்சார வண்டியில் இருந்தபடி, இதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்தோம்.

அண்ணை மட்டையை ஓங்கினார். காற்றே ஒரு நிமிடம் நின்றது. அடித்தார். ஒரு பெரிய மண்கட்டி பறவை போல உயர்ந்து, கடலை நோக்கிப் போனது. பந்து இருந்த இடத்திலேயே, திருநீறோடு, அமைதியாக இருந்தது.

"பாத்தீரோ தம்பி? மண்ணே அவ்வளவு தூரம் போகுதெண்டால் பந்து எவ்வளவு தூரம் போகும்!"

எத்தனை அடியில் முதல் கொடிக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று கேட்காதீர்கள். எண்ணுகிற வேலையை நான் வழியிலேயே விட்டுவிட்டேன். கொடியைச் சுற்றி இருக்கிற இடத்துக்குக் கிரீன் என்று பெயர். கம்பளம் விரித்தது போல ஒட்ட வெட்டிய புல். எங்களுக்கு முன்னால் போன நாலுபேர் அதில் நின்றார்கள். ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. பந்து குழிக்குள் விழுந்ததும் தொப்பிகளைக் கழற்றி, ஒருவருக்கொருவர் கைகொடுத்து, மெதுவாக விலகிப் போனார்கள்.

அண்ணை கிரீனின் ஓரத்தில் நின்றுவிட்டார். கொடிக்கம்பத்தை ஒருதடவை பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டும்."

"ஏன் அண்ணை?"

"கொடிக்கம்பம் நிக்குது. ஆக்கள் தொப்பியைக் கழட்டினவை. ஒரு சத்தம் இல்லை. கோயில் மாதிரி வைச்சிருக்கிற இடத்தில சப்பாத்தோட ஏறுறதோ?"

அவர் பாட்டுக்குக் கழற்றி, சோடியாக ஓரத்தில் வைத்தார். நான் மட்டும் சப்பாத்தோடு ஏறினால் என்னைப் பார்த்துக் கடலே சிரிக்கும். நானும் கழற்றினேன்.

மின்சார வண்டி கிர்ரென்று வந்து நின்றது. தொப்பிக்காரர் இறங்காமலே கேட்டார்.

"எக்ஸ்கியூஸ் மீ, சேர். சப்பாத்தில் ஏதாவது பிரச்சினையா?"

"நோ நோ," என்றார் அண்ணை. நெஞ்சில் கைவைத்து, "ரெஸ்பெக்ட்," என்றார்.

தொப்பிக்காரர் எங்கள் காலுறைகளைப் பார்த்தார். அண்ணையின் இடது காலுறை கறுப்பு, வலது நீலம். பிறகு தன்னுடைய ஆணி வைத்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கொடிக்கும் இதே பூசைதான். கழற்று, ஏறு, விழுத்து, இறங்கு, மாட்டு. பின்னால் வந்தவர்களையெல்லாம் கைகாட்டி முன்னால் போகவிட்டோம். கிழவர்கள் போனார்கள். கைத்தடியோடு ஒருவர் போனார். புல் வெட்டுகிற இயந்திரமும் எங்களைத் தாண்டிப் போனது.

ஒன்பதாவது குழி முடிந்த இடத்தில்தான் ஆபத்து காத்திருந்தது. சரியாகப் பாதித் தூரம். அங்கே தேநீர் விற்கிற ஒரு சின்னக் குடில். அதன் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘அரைவழி வீடு’. கோல்ஃப் மைதானங்களில் அப்படித்தான் பெயர் வைப்பார்களாம். அண்ணை அந்தப் பலகையை, தன் சொந்தக்காரர் ஒருவரைத் தற்செயலாகக் கண்டதுபோலப் பார்த்தார். உள்ளேயிருந்து தேநீர் வாசமும், சூடான பணிஸ் வாசமும் வந்தன. வாசலில் நாலுபேர் உட்காரக்கூடிய ஒரு வாங்கு, அதில் பஞ்சு மெத்தை.

"தம்பி."

"சொல்லுங்கோ அண்ணை."

"இழும். என்னைப் பிடிச்சு இழும். இதில இருந்தனெண்டால் நான் எழும்பமாட்டன். ஷெட் போச்சு."

ஒரு கையால் ட்ரொலியையும் மறுகையால் அண்ணையையும் இழுத்துக்கொண்டு அந்தக் குடிலைத் தாண்டினேன். தாண்டியதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். பாதிக்கு அப்பால் உள்ள உலகத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

பத்தாவதில், காற்றுக்கு ஒதுக்காக, மணல் நிரப்பிய ஒரு வசதியான பள்ளம் கிடைத்தது. கடற்கரைக்கு வருபவர்கள் இருந்து சாப்பிடக் கட்டியது என்றே நினைத்தோம். துவாயை விரித்து, அக்கா கட்டித்தந்த இடியப்பத்தையும் சம்பலையும் பிரித்தோம். ஒரு பந்து பறந்துவந்து சொதிப் போத்தலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் அதன் சொந்தக்காரர் வந்தார். அந்தப் பள்ளம் விளையாடுபவர்களைக் கஷ்டப்படுத்த வெட்டியதாம். அண்ணை எழுந்து இடம்விட்டு, "சாப்பிட்டுப் போங்கோ," என்று தமிழிலேயே உபசரித்தார். வந்தவர் ஒரு இடியப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போனார்.

பதினொன்று, பன்னிரண்டு என்று குழிகள் விழுந்துகொண்டே போயின. அண்ணை களைத்தார், ஆனால் நிற்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பதினெட்டாவது கிரீனுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது, விறாந்தையில் அக்கா எழுந்து நிற்பது தெரிந்தது. நீதிபதியே எழுந்து நின்றுவிட்டார்!

அண்ணை ஒரு தட்டுத் தட்டினார். பந்து உருண்டு, உருண்டு, குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கால் பெருவிரலால் தள்ளினாலும் விழும். ஒரே ஒரு தட்டு. ஷெட், மேசை, சைக்கிள், ஒற்றைக் கை ஸ்வெட்டர் எல்லாம் அந்த ஒரு முழத்தில் இருந்தன.

அவர் குனிந்தார். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். தலையை நிமிர்த்தினார்.

தூரத்து மணல்மேட்டின் சரிவில் தொப்பிக்காரரின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணலில் புதைந்து நின்றது. அவர் உள்ளே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒரு கையை மெதுவாக உயர்த்தினார். ஆபத்தில் இருக்கிற மனிதர் கத்தவேண்டாமா? இவர் பஸ்ஸை மறிப்பது போல, ஒரு விரலை மட்டும், மரியாதையாக.

"தம்பி, மனிசன் கையைக் காட்டுறார்."

"அண்ணை, தட்டிப்போட்டுப் போங்கோ! ஒரு செக்கன்!"

மட்டை புல்லில் கிடந்தது. அண்ணை காலுறையோடு மணலில் ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

அவரை வெளியே இழுத்தெடுத்தோம். வண்டியை நிமிர்த்தினோம். அது ஓடவில்லை. அண்ணை அதற்குக் கீழே படுத்து, கழன்றுகிடந்த வயரைக் கண்டுபிடித்துப் பூட்டினார். சில்லைச் சுற்றி மணலைக் கையால் வாரினார். வண்டி கிர்ரென்று கிளம்பிய அதே நேரம், கட்டடத்திலிருந்து சங்கு ஊதியது. மின்னல் வருகிறது, எல்லாரும் உடனே உள்ளே வரவேண்டும் என்று அர்த்தம். கிரீன் பக்கம் திரும்பிய அண்ணையைத் தொப்பிக்காரர் விடவில்லை. இருவரையும் வண்டியில் ஏற்றிக் கட்டடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மழை கொட்டியது. அன்றைக்கு இனி விளையாட்டு இல்லை என்று அறிவித்தார்கள். அண்ணை ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தபடி நின்றார். அக்கா பக்கத்தில் வந்தார். ஒரு துவாயை எடுத்து அவர் தலையில் போட்டார்.

இடி தூரப் போனபிறகு தொப்பிக்காரர் குடையோடு வெளியே போனார். கிரீனின் ஓரத்தில், எங்கள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். தன் ஆணிச் சப்பாத்துகளைக் கழற்றிச் சோடியாக வைத்தார். காலுறையோடு ஈரப் புல்லில் நடந்துபோய், பந்தை எடுத்துவந்து அண்ணையின் கையில் வைத்து, "ரெஸ்பெக்ட்," என்றார்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். லூயிஷாமுக்குக் கிட்ட வந்ததும் அண்ணை சொன்னார், "ஒரு முழம்தானப்பா."

"கண்டனான்," என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை சாமான் தூக்க வரச்சொல்லி அக்கா எனக்குப் போன் எடுத்தார். போனேன். மூன்றுகால் மேசையும் கொஞ்சப் பெட்டிகளும் புல்லில் கிடந்தன. இரண்டு பூச்சாடிகள் வெறுமையாக இருந்தன. அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சைக்கிளும் ஸ்வெட்டரும் கோல்ஃப் பையும் அப்படியே இருந்தன. சுவர்த் தட்டில் ஒரு முட்டைக் கிண்ணம், அதில் அந்தப் பந்து.

"அண்ணை எங்கை அக்கா?"

"ஸ்ட்ரெதத்தில ஆருக்கோ பைப் ஒழுகுதாம். மேசையைத் தூக்கிக்கொண்டிருக்க போன் வந்தது, போயிட்டார்."

"அப்ப மிச்சச் சாமான்?"

"மிச்சம் பிறகு பாப்பம். இண்டைக்கு இவ்வளவும் காணும்."

"அரைவாசியிலயே விடுறீங்களோ?"

அக்கா தேநீரை ஒருவாய் குடித்தார். "ஓம். அது சரி தம்பி, உம்மட பாத்ரூம் டைல்ஸ் ஒண்டும் கழரேல்லைத்தானே?"

"இல்லை அக்கா," என்றேன்.

என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமை, எங்கள் குளியலறைச் சுவர் ஊறி விழுந்தது. அன்றைக்குத் தன் குசினியில் பாதிச் சுவரில் நின்றுகொண்டிருந்த ஒரு மனிதர், சாந்துக் கரண்டியையும் மிச்ச டைல்ஸ் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குளியலறையில் நீலப் பூக்கள் தரையில் தொடங்கி, கூரைவரைக்கும் போய், முழுதாக முடிகின்றன.