மூன்று கிலோ பேய்

அந்தக் கோடையில் நெய்வேலியில் பேய்க்குக் கிலோக் கணக்கு வந்துவிட்டது.

வேறு ஊர் என்றால் உடுக்கையும் வேப்பிலையும் போதும். சுமையிறக்கி சாமி விவரமானவர். நெய்வேலிக்காரன் காலையில் எழுந்ததிலிருந்து மீட்டரும் முள்ளும் பார்த்தே பிழைக்கிறவன், முள் காட்டினால் மறுபேச்சுப் பேச மாட்டான் என்று தெரிந்துகொண்டு, ஆளை நிறுத்தி எடை பார்க்கும் யந்திரத்தோடு வந்து இறங்கினார். கழுத்துவலி, தோள்வலி, முதுகுவலி மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்றார். சுரங்கம் தோண்டியதில் வீடிழந்த ஆவிகள், ஷிப்ட் முடிந்து வருகிறவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றனவாம்.

ஏறி நின்றால் பேயோடு எடை. கற்பூரப் புகை, கொஞ்சம் மந்திரம், மறுபடி ஏறினால் பேய் போன எடை. குறைந்தது எவ்வளவோ அதற்குக் கிலோக் கணக்கில் காணிக்கை. யாரும் நிற்காதபோது முள்ளைப் பட்டுத்துணி மூடியிருக்கும். வெறும் முள்ளைப் பார்த்தால் கண்ணுக்குத் தோஷமாம். இதில் இன்னொரு விசேஷம், எல்லாப் பேயும் சரியாக மூன்று கிலோ. குண்டுப் பேய், நோஞ்சான் பேய் என்ற பேதமே கிடையாது. ஏன் என்று வரிசையில் நின்ற ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதில் இன்ஜினீயர்களும் இருந்தார்கள்.

சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டும் மருதாசலமும் நின்றான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன், பர்மனென்ட் வேலை, ஆறு மாதமாகக் கழுத்து மரக்கட்டை. ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்காமல் இல்லை.

"கழுத்த மெதுவா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புங்க. தோளக் காது வரைக்கும் தூக்கி மெல்ல எறக்குங்க. வேளைக்குப் பத்து தடவ. எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி ஒக்காந்திருக்காதீங்க, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

"ஒரு ஊசிகூட இல்லீங்களா?"

"இல்ல."

மருதாசலத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆறு மாத வலிக்கு வெறும் தலையாட்டலா? மறுநாளே சாமியிடம் போனான். அறுபத்தாறு கிலோ அறுபத்து மூன்றாகக் குறைந்தது. முள் சொன்னதும் தோள்கூட லேசானதுபோல் இருந்தது. சாமி அவன் கழுத்தில் ஒரு தாயத்தைக் கட்டி, நாற்பத்தெட்டு நாள் கழுத்தைத் திருப்பக் கூடாது, திருப்பினால் இறங்கினது மறுபடி ஏறிக்கொள்ளும் என்று சொல்லியனுப்பினார்.

டம்பரைப் பின்னால் எடுப்பவன் கழுத்தைத் திருப்பாமல் எப்படி எடுப்பான் என்று சாமிக்கு என்ன கவலை?

ஒன்பதாம் நாள் அது நடந்தது. மண் கொட்டும் இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தான் மருதாசலம். கண்ணாடியில் புழுதிதான் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கொடி காட்டி நின்ற கான்ட்ராக்ட் ஆள் கொளஞ்சிநாதன் கத்திக்கொண்டே பக்கத்தில் பாய்ந்தான். அவன் கொடி சக்கரத்துக்கடியில் போனது. ஒரு நொடி தாமதித்திருந்தால் அவனே போயிருப்பான்.

கொளஞ்சி வண்டியில் ஏறிவந்து சட்டையைப் பிடித்தான்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுண்ணே! திரும்பிப் பாத்தா என்னா?"

மருதாசலம் தாயத்தைக் காட்டினான், சாமி சொன்னதைச் சொன்னான். கேட்டுவிட்டுக் கொளஞ்சி சட்டையை விட்டான்.

"சாயந்திரம் நானும் வரேன். என் சொமையையும் எறக்கணும்" என்றான்.

சாயந்திரம் சைக்கிளில் ஒரு யூரியா மூட்டையோடு வந்து சேர்ந்தான். கம்மாபுரத்தில் மிச்சமிருந்த அரைக்காணி நிலத்துக்கு வாங்கியது. கழுத்துவலி முன்னைவிட அதிகமாகிவிட்டதென்று மருதாசலம் வரிசையில் முன்னால் நின்றிருந்தான். சாமி பட்டுத்துணியை விலக்கச் சொன்னதுதான் தாமதம், கொளஞ்சி மூட்டையைத் தூக்கி மேடையில் போட்டான்.

முள் ஐம்பத்து மூன்றில் நின்றது.

"மூட்டையில அம்பதுன்னு அச்சடிச்சிருக்குது சாமி. வர்ற வழியில சொசைட்டி தராசுலயும் போட்டுப் பாத்துட்டுதான் வரேன், அம்பதேதான். இதும்மேல யாரு ஒக்காந்துகினு இருக்கறது?"

சாமி அசரவில்லை. "உன்மேல் இருந்த ஆவி மூட்டைக்குத் தாவியிருக்கிறது மகனே. வீடிழந்த ஆவி."

கூட்டத்தில் நாலைந்து பேர் "ஆமாமா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நம் ஜனங்களை என்ன செய்வது?

"வூடு எழந்தது நாங்க சாமி! சுரங்கத்துக்கு நெலத்தக் குடுத்துட்டு நாங்க யார் தோள்ல ஏறி ஒக்காந்தோம்? சரி, யூரியாவுக்கும் மந்திரம் போடுங்க. பயிராச்சும் பயப்படாம வளரும்."

கூட்டம் சிரித்தது. மருதாசலம் சிரிக்கவில்லை. காலையில் சக்கரத்துக்கடியில் போன கொடி கண்ணிலேயே நின்றது. வண்டி கிளப்புமுன் எல்லா முள்ளும் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று தினம் பார்க்கிறவன் அவன். இங்கே மட்டும் ஏன் பார்க்கவில்லை?

"கொளஞ்சி, மூட்டையை எறக்கு. துணியப் போட விடாதே."

மேடை காலியானது. ஆளில்லை, மூட்டையில்லை. முள் மூன்றில் நின்றது.

யந்திரத்துக்குப் பின்னால் ஒரு காவித்திரை. எப்போதும் சாமியின் சீடர் ஒருவர் அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்து ஜபிப்பார். மருதாசலம் குனிந்து, நாற்பத்தெட்டு நாள் திருப்பக்கூடாத கழுத்தை நன்றாகத் திருப்பி, திரைக்குள் பார்த்தான். கழுத்து மளுக்கென்றது. வலித்தது. ஒன்றும் ஏறவில்லை. சீடரின் கை, முள்ளை முன்னும் பின்னும் தள்ளுகிற திருகின்மேல் அப்படியே உறைந்திருந்தது.

"திருகை வெச்சுத்தானுங்களா சாமி பேய் ஓட்டினீங்க?" என்றான். "ஒரு மனுசனைக் கொன்னிருப்பேனே!"

சாமி எழுந்து ஓடினார். அந்த வயதில் என்ன ஓட்டம்! அவருக்கு மட்டும் முதுகுவலியே இல்லை.

மறுநாள் ஷிப்டுக்கு முன் மருதாசலம் வண்டியில் உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் பத்து முறை திருப்பினான். மூன்று வாரத்தில் வலி பாதியானது. பின்னால் எடுக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தான், கொளஞ்சி புதுக் கொடியை ஆட்டினான்.

ஊரும் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். பண்ருட்டியில் தெர்மாமீட்டர் வைத்துச் செய்வினை பார்க்கும் இன்னொரு சாமி வந்திருக்கிறாராம், பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அந்த பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்கு ஒரே வார்த்தை. கழுத்தை வேளைக்குப் பத்து முறை அசைத்தால் வலி போகும். அதற்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதையும் ஒருமுறை அசைத்துப் பாருங்களய்யா.