டும்டும் அண்ணையின் கராஜ் பாட்டு

சிட்னியில் சத்தம் போடுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சத்தத்துக்காகவே வாழ்ந்தவர் டும்டும் அண்ணை ஒருவர்தான். பென்டில் ஹில்லில் அவர் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்த காலத்தில், என் பல் துலக்கும் பிரஷ்கூட அவருடைய தாளத்துக்குத்தான் போய்வந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுவார். மற்ற நேரமெல்லாம் கராஜில் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கருமாக டான்ஸ் மியூசிக் தயாரிப்பு. வாஷிங் மெஷின் சுற்றினால் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஒருமுறை காய்ச்சலில் இருமிக்கொண்டு படுத்திருந்தேன். கதவைத் தட்டினார். ஒரு கையில் மருந்து, மறு கையில் மைக்.

"தம்பி, மருந்து குடிக்க முன்னம் ஒருக்கா இருமும். அடித்தொண்டையிலை நல்ல பேஸ் சத்தம் இருக்கு."

அவர் மனைவி ராணி அக்காவுக்கு ஒரே ஒரு மனக்குறை. கராஜ் ஸ்டூடியோ ஆனதால் அவருடைய கார் வெளியே நின்றது. ஆலங்கட்டி மழை வந்து அதன் கூரையைக் குழிப்பணியாரச் சட்டி ஆக்கிவிட்டது. மகளின் கல்யாண வரவேற்பு நெருங்கியபோது அக்கா தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, ரிசெப்ஷனிலை உங்கட பாட்டு ஒண்டு போடலாம். ஒராளாவது ஆடினால் கராஜ் உங்களுக்கு. ஆடாட்டி என்ர காருக்கு. உந்தத் தம்பி ஆடினால் கணக்கில்லை!"

"ஒராளோ? மண்டபமே ஆடும் பாரும்!" என்றார் அண்ணை. வாய்தான் சொன்னது, முகம் வெளிறிவிட்டது. அதுவரை அவர் பாட்டுக்கு அவரைத் தவிர ஒரு ஈ காக்கைகூட ஆடியதில்லை.

தாளத்துக்கு ஒரு குரல் வேண்டுமென்று கெவினைப் பிடித்துவந்தார். கெவின் அதே பேக்கரியில் வேன் ஓட்டும் வெள்ளைக்காரர். அகலத் தொப்பி, கையில் கிட்டார். மாடு, மழை, விட்டுப்போன மனைவி என்று கண்ட்ரி பாட்டுப் பாடுவார்.

"டான்ஸுக்கு இந்த ஒப்பாரியா அண்ணே?" என்று கேட்டேன்.

"சோகத்தைக் கொஞ்சம் ஸ்பீட் ஆக்கினால் அதுதான் தம்பி டான்ஸ்!"

வரவேற்புக்கு முந்தின ஞாயிறு ரெக்கார்டிங். கெவினுக்கு அன்று ஒருநாள்தான் லீவு. வந்தவரை நேரே மைக் முன்னால் நிறுத்தியிருக்கலாம். நம்மவர்கள் நிறுத்துவார்களா? விருந்தாளி வெறும் வயிற்றில் பாடினால் குடும்ப மானம் என்ன ஆவது? ராணி அக்கா இடியப்பமும் நண்டுக் கறியும் பரிமாறினார்.

காரமாக இருக்குமா என்று கெவின் ஆங்கிலத்தில் பயந்து பயந்து கேட்டார்.

"சீச்சீ, உறைப்பே இல்லை. உங்களுக்கெண்டு குறைச்சுத்தான் போட்டனான். நோ ஸ்பைசி!"

இரண்டாவது நண்டுக்காலில் கெவின் தொப்பியைக் கழற்றினார். மூன்றாவதில் முகம் தக்காளி ஆனது. மரியாதை தெரிந்த மனிதர், "லவ்லி, லவ்லி" என்றபடியே தட்டைக் காலி செய்தார்.

பிறகு பாட்டு. ஒரு வரி பாடுவார், "ஸ்ஸ்... ஹா!" அடுத்த வரி, "ஸ்ஸ்... ஹா!" தண்ணீர், தயிர், ஐஸ்கட்டி எதற்கும் அது மசியவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அண்ணையோ கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "திறம்! அந்த ஹாவை வெட்டேலாது" என்றார்.

வரவேற்பு நாள் வந்தது. பாட்டு ஆரம்பித்த அதே நிமிடம் பஃபே மூடிகளைத் திறந்துவிட்டார்கள். தமிழர் விழாவில் சோற்றுக்கு எதிராக எந்தக் கலையும் நின்றதில்லை. மண்டபமே தட்டேந்தி வரிசையில் நின்றது. ஆடுகிற இடத்தில் புதுக் கோட்டு போட்ட அண்ணை மட்டும். ஸ்பீக்கரில் கெவின் மாட்டை நினைத்து உருகிக்கொண்டிருந்தார். அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கில்லாவிட்டாலும் போகட்டும், நானாவது ஆடலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன்.

அப்போது வந்தது அந்த "ஸ்ஸ்... ஹா!" டும் டும். "ஸ்ஸ்... ஹா!" டும் டும்.

வரிசையில் நின்ற ராணி அக்கா வெடுக்கென்று திரும்பினார்.

"இது என்ர நண்டுக் கறியெல்லே!" என்றவர், பக்கத்து அன்ரியின் தோளை உலுக்கினார். "கேட்டியளே? என்ர கறி பாட்டிலை வருது!"

தட்டை என் கையில் திணித்துவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு மண்டபத்துக்குப் போனார். ஒவ்வொரு "ஹா"வுக்கும் இரண்டு கையையும் வீசி ஆடினார். பின்னாலேயே அன்ரிமார் கிளம்பினார்கள். "ஓ மை காட், அம்மா!" என்றபடி மகளும் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தாள். விருந்துக்கு வந்திருந்த கெவினும் தொப்பியைச் சுழற்றினார். தமிழர் விழாவில் சோறு ஆறிப்போனதை, சத்தியமாக, அன்றுதான் பார்த்தேன். அண்ணை மட்டும் ஆடவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று, ஆடுகிற மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் இன்னும் வெளியேதான் நிற்கிறதாம். "அடுத்த பாட்டுக்குக் கணவாய்க் கறி வைக்கட்டோ?" என்று அக்காவே கேட்கிறாராம்.

நான் மெல்பர்னுக்கு மாறிவிட்டேன். அமைதியான தெரு. என் கராஜில் வெறும் கார்தான் நிற்கிறது. சில ஞாயிறுகளில் நண்டு வாங்கி, மிளகாய்த்தூளை ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டு, அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். கண்ணில் தண்ணீர் வந்தால் பழியை மிளகாய் மேல் போட்டுவிடலாம் இல்லையா?