மில்லி ஆம்பியர் அண்ணாச்சி வாய் திறந்த நாள்

திருவனந்தபுரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், 'உம்' கொட்டுவதற்குக்கூடக் கரண்டு செலவாகும் என்று நம்பிய மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் மில்லி ஆம்பியர் அண்ணாச்சி.

எண்பதுகளின் தொடக்கம். தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இயங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவர் டெக்னீஷியன், நான் ட்ரெய்னி. முள் ஆடும் பழைய மீட்டர் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். எதைக் கண்டாலும் அது எவ்வளவு கரண்டு தின்கிறது என்று அளந்தாக வேண்டும். முதலாளியின் அழைப்பு மணியை அளப்பதற்காகக் கழற்றினார். மூன்று நாள் முதலாளி கைதட்டித்தான் ஆளைக் கூப்பிட்டார். டீக்கு ஒரு விரல், வடைக்கு இரண்டு விரல். கல்யாணத்துக்கு அழைத்தால் தலையாட்டுவார், அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

"ஏன் அண்ணாச்சி பேசவே மாட்டேங்கிறீங்க?"

"பேட்டரி இறங்கும்லா."

இந்த ஆளிடம்தான் என் தலையெழுத்து போய் மாட்டியது. விதுராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காக, ஒரே பலகையில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்திருந்தேன். இலை உலர்த்தும் அறையின் சூட்டைக் கால் மணிக்கொரு முறை அது குறித்துவைக்கும். அங்கே கரண்டு நினைத்தால்தான் வரும். அதனால் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரியில், எஸ்டேட்டின் காலைச் சங்கு முதல் ஐந்து மணி மாலைச் சங்கு வரை ஓடிக்காட்ட வேண்டும்.

"ஓடினா வேலை நிரந்தரம். நின்னுச்சுன்னா கீழ பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உங்க ஊர் பஸ் ஏறிக்கோ" என்றார் முதலாளி.

அண்ணாச்சி மீட்டரை மாட்டினார். தொள்ளாயிரம் மில்லி ஆம்பியர். "மத்தியானமே செத்துரும்." சிவப்பாக எண் காட்டும் ஆறு விளக்குகளையும் அணைத்தார். முள் ஐந்நூறுக்கு இறங்கியது. "இனி தாங்கும்."

"எண்ணே தெரியாம எப்படி அண்ணாச்சி?"

ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார். அமுக்கினால் மட்டும் எண் தெரியும். "ஆனா அமுக்கப்பிடாது மக்கா, கேட்டியா?"

ஆக, யாரும் பார்க்காதவரை மட்டும் ஓடும் கம்ப்யூட்டர் உலகத்திலேயே எங்களுடையதுதான்.

சோதனை நாளன்று விடிவதற்குள் எஸ்டேட் போய்ச் சேர்ந்தோம். அங்கே மேனேஜர் மலையாளி, மகா ஆர்வக்காரர். காலைச் சங்கு ஊதியதிலிருந்து அவர் விரல் பொத்தானை விட்டு அகலவில்லை. "ஒண்ணுகூடி நோக்கட்டே!" என்று இன்னொரு முறை பார்க்க அமுக்குவார். எண்கள் ஜொலிக்கும், முள் துள்ளும், அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வாங்கப்போகிறவர் கையைத் தட்டிவிட முடியுமா?

மதியம் இரண்டு மணிக்கு அண்ணாச்சி பேட்டரியை அளந்தார். "இப்படியே போனா நாலு மணி வரைக்கும்தான்" என்றார் என் காதில். ஊர் பஸ்ஸின் ஜன்னலோர சீட்டு என் கண்முன் வந்து நின்றது.

அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார். மேனேஜருக்கும் பொத்தானுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், எங்க ஊர்ல ஒரு கிணறு உண்டு..."

பேசினார். கிணறு, அதில் விழுந்த எருமை, எருமையைத் தூக்கப் போய் விழுந்த மச்சான், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் உடைத்த தேங்காயின் சில்லு தெறித்துத் தன் நெற்றியில் ஏற்பட்ட தழும்பு, மாமியாரின் மீன்குழம்பு. மூன்று மணி நேரம்!

"அய்யோ! என்னிட்டு? அப்புறம்?" என்ற மேனேஜர், தனக்கு விரல் இருப்பதையே மறந்துபோனார்.

மாலைச் சங்கு ஊதியது. மேனேஜர் எட்டிப் பொத்தானை அமுக்கினார். ஆறு எண்களும் கண் திறந்தன.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "இன்னிக்கு எத்தனை மில்லி ஆம்பியர் அண்ணாச்சி?" என்று சீண்டினேன். கழுத்து மீட்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார்; அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

தம்பானூர் வரும்வரை நான் அந்தத் தோளை அசைக்கவே இல்லை.